பேரொலி அழாத ஐந்து பக்கங்கள்

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. இங்கே எல்லோரும் சுகம்தான்.

உன் 'பேரொலி' காமிக்ஸின் இருபத்துநாலாம் இதழ் படித்தேன். முதல் பன்னிரண்டு இதழ்களுக்கு நான் கதை எழுதியபோது என்ன செய்தேன்? பக்கத்துக்குப் பக்கம் நாயகி பேரொலி கத்துவாள், அந்தச் சத்தத்தில் சுவர் இடியும், வில்லன் ஓடுவான். அவளுக்கு அம்மா இருக்கிறாளா என்றுகூட யோசித்ததில்லை. நீயோ அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மகளை வெளியே உட்காரவைத்துவிட்டாய். ஐந்து பக்கம்! கடிகாரம், சொட்டும் குழாய், நர்ஸின் செருப்பு, மறுபடி அவள் முகம். அம்மா போய்விட்டாள் என்கிறார்கள். வாய்விட்டு அழுதால் கட்டிடமே சரியும். உள்ளே இருநூறு நோயாளிகள். பேசாமல் எழுந்து போகிறாள். புரட்டினால் ஆளில்லாத கல்குவாரி, இரண்டு பக்கம் நிறைய ஒரே அலறல், ஓர் எழுத்துகூட இல்லை. அடேயப்பா!

பஸ் பணிமனையில் எங்கள் மேஸ்திரி, "என்னய்யா, கதை நகரவே மாட்டேங்குது" என்றார். "அப்புறம் ஏன் மூணு நாளா புத்தகத்தைத் திருப்பித் தர மாட்டேங்கிறீங்க?" என்றேன்.

ஒன்று கேட்கவேண்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கி நாற்காலிக் கைப்பிடியை இறுக்கியிருக்கிறாளே, அது யார் கை?

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று வருடமாக ஒரு போன் கிடையாது, வந்ததும் விமர்சனம்! ஆனாலும் நாலு தடவை படித்தேன்.

பதிப்பாளர், "அஞ்சு பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தா எவன் வாங்குவான்? ரெண்டாக்கும்மா" என்றார். "அவ அடக்குறதைப் பார்க்கலைன்னா, அலறும்போது யாருக்கு சார் வலிக்கும்?" என்று மல்லுக்கு நின்றேன்.

அது உன் கைதான். "அப்பா சாகக் கிடக்கிறார், உனக்குப் படம் கேக்குதா?" என்று மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் நோட்டைப் பிடுங்கி எறிந்தாயே, அன்று நான் அப்பாவை வரையவில்லை. உன்னை வரைந்தேன். நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உன்னிடம் வந்து பேசத் தைரியமில்லை. எனக்கு வரைய மட்டும்தான் தெரிந்தது.

கேட்காமல் போட்டது தப்பு. தொகுப்பு நூல் இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. நீ சொன்னால் அந்தப் பக்கங்களை எடுத்துவிடுகிறேன்.

உன்
குட்டி

மார்ச் 15

அன்புள்ள குட்டிக்கு,

எடுத்தாயோ, தொலைந்தாய்.

நோட்டை எறிந்ததற்கு மன்னிப்புக் கேட்க இத்தனை நாள் வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் பணிமனையிலேயே பிரித்துவிட்டேன். ஒரு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அழுதேன். மேஸ்திரி குனிந்து, "என்னய்யா, ஆயில் ஒழுகுதா?" என்றார். "ஆமாண்ணே, நிறைய" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெதுவா பாரு, அவசரமில்லை" என்று போய்விட்டார்.

உன் கதையில் ஒரே ஒரு குறை. அவள் எழுந்ததும் மறுபக்கமே குவாரி வந்துவிடுகிறது. அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர முடியாது, குட்டி. நடுவில் அவள் வீட்டுக்குப் போகட்டும், மறுநாள் வேலைக்குக் கிளம்பட்டும், யாராவது மணி கேட்டால் சொல்லட்டும், சிரிக்கக்கூடச் செய்யட்டும். எத்தனை பக்கம் ஆனாலும் சரி. எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

ஞாயிறு காலை வருகிறேன். அதுவரை அச்சகத்துக்கு எதையும் அனுப்பிவிடாதே.

அண்ணன்