பச்சைக் கதவுக்காரர்

மார்ச் 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

இது நடக்கும் என்று உன் மாமா நான் அன்றைக்கே சொன்னேன். நீ தனியாக வீடு எடுத்தவுடனே உன் அத்தையிடம், "இவ பாரு, பூட்டின கதவையே பூட்டிக்கிட்டு நிப்பா" என்றேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பாள். நம்பாதே.

இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறாயாம். இன்னொரு தரம் லேட்டானால் கண்ணாடிக் கடை வேலை போய்விடுமாம். ஞாயிற்றுக்கிழமை படுக்கையை விட்டே எழுவதில்லையாம். உன் அம்மா சொல்லி அழுதாள். உன்னை மாதிரி போனை எடுக்காதவளுக்குக் கடிதம்தான் சரி, மணியடித்துத் தொல்லை பண்ணாது.

வைத்தியம் சொல்கிறேன். லிஃப்ட் மெக்கானிக்குகளில் நான் ராஜா, உனக்கே தெரியும். பழுது பார்க்க லிஃப்டின் மேல் நிற்கிறவன் "இறக்கு" என்று கத்தினால், பட்டன் பக்கம் இருப்பவன் உடனே அழுத்தமாட்டான். முதலில் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்வான். அதற்குள் நிதானம் வந்துவிடும்.

என்னோடு ஒருவர் வேலை பார்த்தார், பச்சைக் கதவு வீட்டுக்காரர். தெருமுனை வரை வந்துவிட்டு, கதவை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போவார். "மனசு கத்துறதுக்கெல்லாம் பட்டன அமுக்காதய்யா. 'கேட்டுச்சு'ன்னு மட்டும் சொல்லிட்டு நட" என்றேன். ஒரே வாரம். ஆள் சிங்கம்!

இப்படிக்கு,
உன் புத்திசாலி மாமா

மார்ச் 15

அன்புள்ள மாமா,

பஸ் நிறுத்தத்தில் "பெட்டி எரியுதா? கேட்டுச்சு" என்றேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்று நகர்ந்து உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. ஆனாலும் கால் வீட்டுக்குத்தான் திரும்பியது. பெட்டி ஜில்லென்று இருந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

உங்கள் ஆளுக்கு ஒரே வாரத்தில் எப்படிச் சரியானது? அவர் போன் நம்பர் கொடுங்கள், நானே கேட்கிறேன்.

சிட்டு

மார்ச் 21

சிட்டு,

அவர் இப்போது பெரிய புள்ளி. கப்பலிலெல்லாம் லிஃப்ட் மாட்டுகிறார். நம்பர் கிடைக்காது. நீ முதலில் ஒரு மனநல டாக்டரைப் பார். வெட்கப்படாதே. லிஃப்ட் நின்றுவிட்டால் ஆள் கூப்பிடுவதில்லையா?

மாமா

ஏப்ரல் 9

அன்புள்ள மாமா,

டாக்டரம்மாவைப் பார்த்தேன். எண்ணம் வருவதை நிறுத்த முடியாது, அது சொல்கிறபடியெல்லாம் ஓடாமல் இருக்கப் பழகலாம் என்றார். உங்கள் முறையைத் திருடிவிட்டதாகச் சொல்வீர்கள், தெரியும். மேனேஜரிடமும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நாள் நான் தாமதமாக வரச் சம்மதித்தார்.

நேற்று திரும்பாமல் கடை வரை போனேன். உங்களுக்கு எழுதிச் சொல்ல ஆசையாக இருந்தது. இன்று திரும்பிவிட்டேன். எத்தனை வாரம் ஆயிற்று! பச்சைக் கதவுக்காரரை நினைத்தால் அவமானமாக இருக்கிறது. அவருக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை? டாக்டரிடம் இனிப் போய் என்ன பயன் என்று தோன்றுகிறது.

சிட்டு

ஏப்ரல் 13

என் தங்கமே,

டாக்டரை நிறுத்தாதே. அந்தம்மா என் முறையைத் திருடியதை நான் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று வேலைக்குக் கிளம்பினேன். தெருமுனை. மனசு கத்தியது. "கேட்டுச்சு" என்றேன், ராஜா மாதிரி. நாலு எட்டு வைத்தேன். அப்புறம் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து உன் அத்தை, "பூட்டித்தான் இருக்கு, போங்க. சாயங்காலம் வாங்க, கதவு இங்கயேதான் இருக்கும்" என்றாள். இத்தனை வருஷத்தில் இதற்காக ஒரு நாள்கூட அவள் என்னைப் பார்த்து ஏளனமாகச் சிரித்ததில்லை. முந்தாநாள் நான் திரும்பவில்லை. நாளைக்கு எப்படியோ.

நம் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று நீ யோசிக்கவே இல்லையே. அவ்வளவு கெட்டிக்காரி, இதை மட்டும் கோட்டை விட்டுவிட்டாய்.

முறை நிஜம். ஆளும் நிஜம். அந்த ஒரு வாரமும் கப்பலும் மட்டும் நான் விட்ட சரடு.

மாமா