குடைக்காரரின் நாலாயிரம் அம்புகள்

மார்ச் 4
எண்ணூற்றுப் பன்னிரண்டு தத்துவ நூல்களின் அடிக்குறிப்புகளும் கணினிக்குள் போயாயிற்று. யார் யாரைப் படித்து எழுதினார் என்று இனி அதுவே அம்பு போட்டுக் காட்டும். இரண்டு வருஷம்! கழுத்தே ஒடிந்துவிட்டது.

மார்ச் 6
படம் வந்துவிட்டது. நடுவில் யார் தெரியுமா? குடைக்காரர்! கிடைத்த ஒரே புகைப்படத்தில் குடையோடு நிற்பதால் நாங்கள் வைத்த பெயர். தர்க்கம் பற்றி ஒரே ஒரு புத்தகம் எழுதினார், அதையும் யாரும் சீண்டவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். அவரை நோக்கி நாலாயிரத்துச் சொச்சம் அம்புகள். துறைத்தலைவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இருபத்தெட்டாம் தேதி கருத்தரங்குல இதையே பேசும்மா" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மார்ச் 9
தலைப்பு அனுப்பிவிட்டேன்: 'மறக்கப்பட்ட பேராசான்'. வீட்டுக்காரர் கேட்கிறார், "இனிமேலாவது மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிடுவியா?"

மார்ச் 15
உதாரணம் காட்டலாமே என்று அறம் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டினேன். அதிலிருந்து குடைக்காரருக்கு முப்பது அம்புகள். புத்தகத்தில் அவர் பெயரே இல்லை! அட்டைக்கு அட்டை பார்த்துவிட்டேன். இருப்பதெல்லாம் "மேற்படி, ப. 14", "மேற்படி, ப. 20".

புரோகிராம் எழுதிய பெண்ணிடம் ஓடினேன். எதையும் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அவளுக்குப் பூஜ்யம் என்றே பெயர். "மேற்படின்னா பட்டியல்ல மேல இருக்கிறவர்தான்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

சொன்னேன். ஆனால் எழுத்துப்பிழை பார்க்கிறேன் பேர்வழி என்று மொத்த அடிக்குறிப்புப் பட்டியலையும் அகரவரிசையில் அடுக்கியதும் நான்தான். எல்லா மேற்படிகளும் 'மே'வில் வந்து குவிந்தன. அதற்கு நேர் மேலே, 'மெ'யில் தொடங்கும் ஒரே பெயர் — குடைக்காரரின் நிஜப் பெயர்.

மார்ச் 16
சொல்லாமல் விட்டால் என்ன? யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? — சீ, என்ன புத்தி இது.

மார்ச் 17
சொல்லிவிட்டேன். துறைத்தலைவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "தலைப்பை மாத்து. தேதியை மாத்தாதே" என்றார்.

மார்ச் 23
பழைய வரிசைக்கு மாற்றி ஓட்டினோம். குடைக்காரருக்கு மூன்று அம்புகள். பாவம் மனிதர்.

மார்ச் 28
இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, தப்பு எங்கே நடந்தது என்று சொன்னேன். அரங்கமே சிரித்தது. முகம் எரிந்தது. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். சாப்பாட்டு வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் வந்து, மெதுவாக, "நீங்க வரிசையை எப்படித் திருப்பினீங்க?" என்று கேட்டார். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 2
அந்தச் சாப்பாட்டு வரிசைக்காரரின் கட்டுரை வந்திருக்கிறது. அவர்கள் பட்டியலிலும் இதே கோளாறாம், திருத்திவிட்டார்களாம். அடிக்குறிப்பில் என் பெயர். பதினேழு வருஷத்தில் என்னை மேற்கோள் காட்டிய முதல் கட்டுரை.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எதுக்குடி உன் பேரைப் போட்டாங்க?"

"தப்பு பண்ணினதுக்கு."

"அது உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே நல்லா வருமே!"

சிரித்துக்கொண்டே இருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன.

சாயங்காலம் அந்தக் கட்டுரையையும் பட்டியலில் ஏற்றி ஓட்டினேன். படத்தின் ஓரத்தில் என் பெயர். அதை நோக்கி ஒரே ஓர் அம்பு. கட்டுரையைத் திறந்து சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.