பெருக்கி வைத்த முற்றம்

டெஷி, அக்ரா
ஜூலை 12, 2003

அன்புத் தங்கை அஜோர்கோருக்கு,

உன் மகன் லாரியேவுக்கு மூச்சு இழுப்பு குறைந்ததா? நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குக் குடிபோனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. "எம் புள்ள மூச்சு பெருசா, உன் குப்பைத் தீ பெருசா?" என்று கேட்டாயே, இன்னும் உறுத்துகிறது. நம் சந்துக்குள் குப்பை லாரி நுழைவதில்லை, எரிக்காமல் என்னடி செய்ய? ஆனாலும் ஹோமோவோ திருநாளில் அப்பா வீட்டில் எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டாமா? வாருங்கள். அவன் இங்கே இருக்கும் நாட்களில் தீக்குச்சி உரசமாட்டேன்.

உன் அக்கா,
அஜெலே


கசோவா
ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வந்தபின் அவன் நிம்மதியாகத் தூங்குகிறான். அதனால்தான் அங்கே வரப் பயமாக இருக்கிறது. அவனோ, "பெரியம்மா பனங்குழம்பு வெச்சிருப்பாங்களா?" என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறான். உன் சொல்லை நம்பித் திருநாள் காலையில் வருகிறோம்.

உன் தங்கை,
அஜோர்கோர்


கசோவா
ஆகஸ்ட் 21

அக்கா,

லாரியே பிழைத்துக்கொண்டான். நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும், "பாருடி, ஒரு துரும்பு கெடக்கா? நீங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கொளுத்தி முடிச்சிட்டேன்" என்று சிரித்தாய். மூலையில் பிளாஸ்டிக் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. உன் மடியிலேயே அவன் உதடு நீலம் பாரித்தது.

எங்களுக்காகத்தான் பெருக்கி வைத்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இனி அந்த வாசலை மிதிக்கமாட்டோம்.

அஜோர்கோர்


டெஷி
நவம்பர் 9

கண்ணே,

என் முந்தைய கடிதங்களுக்குப் பதில் இல்லை. உன் கோபம் நியாயம்தான்.

சாம்பல் மூலையை மண் போட்டு மூடிவிட்டேன். குப்பையை மூடி போட்ட வாளியில் சேர்த்து, பெரிய சாலைத் தொட்டிக்குத் தலையில் சுமந்து போகிறேன். "அஜெலே யாரு வீட்டுக்குக் கல்யாணச் சீர் கொண்டு போறா?" என்று சந்தே கேலி செய்கிறது. அவர்கள் இன்னும் எரிக்கிறார்கள். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்பதாக இல்லை. அதனால் பிள்ளையை இங்கே கூப்பிடமாட்டேன்.

நான் அங்கே வரட்டுமா? துணிகளையெல்லாம் துவைத்து, கடற்காற்றில் காயப்போட்டிருக்கிறேன். தெருவிலேயே நிற்கிறேன். நீ முதலில் என் துணியை முகர்ந்து பார். புகை வாடை இருந்தால், அவனைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

அக்கா


கசோவா
நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வா. முகர்ந்துதான் பார்ப்பேன்.

உன் தங்கை,
அஜோர்கோர்