நான் சேர்க்காமல் விட்ட வரி

அக்கா,

இன்று காலை எர்லாங்கன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தபோது லிண்டன் பூவின் மணம் வந்தது. ஜூன் மாதத்தில் இந்த ஊரெங்கும் இருக்கும் மணம்தான். முன்னால் போன ஒரு பெண்மணி நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போனார். என்னால் அப்படி நிற்க முடியவில்லை. நீங்கள் ஒரு கூரைமேல் நின்று எனக்குக் கை நீட்டிக் காட்டியவை லிண்டன் மரங்கள்.

அப்போது பிப்ரவரி. ஒரு சிறு ஊர் மருத்துவமனையில் மீட்பு ஹெலிகாப்டர்கள் பனிமூட்டத்திலும் இறங்க வழி செய்வதற்காக, நம் நிறுவனம் ஒரு வருடச் சோதனையை எடுத்திருந்தது. ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை இருக்கும். அதைத் திருத்தும் தகவலை, பூமத்தியரேகைக்கு நேர் மேலே நிற்கும் ஒரு தகவல்தொடர்பு செயற்கைக்கோள் தன் மற்ற வேலைகளோடு சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது அந்த இடத்தில் தடையில்லாமல் கிடைக்கிறதா என்று பதிவு செய்ய ஓர் ஆன்டெனா வைக்க வேண்டும். இடத்தை முடிவு செய்வது பொறியாளனான என் பொறுப்பு. பொருத்துவது உங்கள் வேலை. நான் மேசை முன் உட்கார்ந்தபடியே வரைபடத்தில் ஓர் ஒற்றைமாடிக் கட்டடத்தைக் குறித்திருந்தேன்.

நீங்கள் ஏறிப் பார்த்தீர்கள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

“தம்பி, இந்த இடம் சரிவராது. மரத்தைப் பாருங்கோ.”

“இலையே இல்லையேக்கா. சிக்னல் ஃபுல்லா வருது.”

“இப்ப வரும். மே மாசம் இலை விட்டா மறைச்சிடும். மற்ற சாட்டலைட் எல்லாம் ஓடித் திரியுது, ஒண்டு போனா இன்னொண்டு வரும். இது தெற்கில, தாழ்வா, ஒரே இடத்தில நிக்கிறது. நாங்கள்தான் அதுக்கு வழி விடவேணும். பெரிய கட்டடத்துக் கூரையில வைப்பம்.”

பெரிய கட்டடத்துக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். மூன்று வாரம் ஆகும். “லேட் ஆயிடும்க்கா, இங்கேயே வச்சிடுங்க” என்றேன். மறுபேச்சில்லாமல் வைத்தீர்கள். ஆனால் பொருத்தியதற்கான தாளின் அடியில் ஜெர்மனில் எழுதினீர்கள்: தெற்கில் மரங்கள், இலை விட்டதும் தடை வரலாம், பெரிய கட்டடத்துக் கூரையே நல்லது.

அந்தத் தாளைப் பார்த்து அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான். கடைசி வரியை மட்டும் சேர்க்கவில்லை. சேர்த்தால் மருத்துவமனையிலிருந்து கேள்வி வரும், வேலை நிற்கும் என்று நினைத்தேன். தாளைக் காகிதக் கூடையில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

நீங்கள் சொன்னபடியே மே மாதம் பதிவுகளில் ஓட்டை விழுந்தது. ஜூனில் பாதி நாட்கள் எதுவும் பதிவாகவில்லை. மருத்துவமனை ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. பிரிவுத் தலைவர் நம் இருவரையும் அழைத்து, அந்த இடம் தகுந்தது என்று யார் பார்த்தது என்று கேட்டார்.

நான் ஜெர்மனில் சொன்னேன்: “நேரில் இடத்தைச் சரிபார்ப்பது பொருத்துகிறவர் வேலை. அறிக்கையில் எந்த ஆட்சேபமும் பதிவாகவில்லை.”

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மேசையைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் உங்களைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் ஏறும் கூரைகளுக்கு ஆன்டெனாக்களைப் பெட்டி கட்டி அனுப்பும் வேலை. ஜன்னல் இல்லாத அறை. மழையிலும் ஏணியில் நின்று பாட்டுப் பாடுகிற உங்களுக்கு அது.

ஒரு வாரம் கழித்து வாகன நிறுத்தத்தில் உங்களிடம் வந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், “அக்கா, அந்தத் தாள்…” என்றேன்.

“போட்டோ எடுத்து வைச்சிருக்கிறன்.”

“அப்புறம் ஏன் காட்டல?”

கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி சொன்னீர்கள். “உங்கட விசா இந்த வேலையோடதானே கட்டிக் கிடக்கு. எட்டு வயசில அப்பாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்தில நிண்டனான். அனுப்பிப்போடுவாங்களோ எண்ட பயம் எனக்குத் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்திட்டன்.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு நிரந்தர வசிப்புரிமை அட்டை கிடைத்தது. இனி யாரும் என்னை அனுப்ப முடியாது. அன்று அலுவலகம் முழுக்க இனிப்புக் கொடுத்தேன். கிடங்குக்கும் கொண்டுவந்தேன். நினைக்கும்போது இப்போதும் காது சுடுகிறது. ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, “நல்லது தம்பி, சந்தோசம்” என்றீர்கள். தின்று முடித்துக் கையைத் துடைத்த பிறகும் வேலைக்குத் திரும்பாமல் நின்றீர்கள். நான் வெளியில் குளிர் குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு உங்களுக்கு நோய் வந்தது. வந்து பார்க்கிறேன் என்று இரண்டு முறை செய்தி அனுப்பினேன். இரண்டு முறையும் வேறு வேலை இருப்பதாகச் சொன்னேன். மூன்றாவது செய்திக்கு நீங்கள் இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிந்ததும் உங்கள் மகள் தேநீரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, நீங்கள் அம்மாவோட வேலை செய்தனீங்கள்தானே. அவ ஏதோ பெரிய பிழை விட்டதாலதான் கிடங்குக்குப் போட்டவையாம். உண்மையே?”

“இல்லம்மா. பிழை செஞ்சது நான். உங்கம்மா முன்னாடியே எழுதிக் கொடுத்தாங்க. நான்தான் அதை மறைச்சிட்டேன்.”

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் வீட்டில ஒரு நாளும் உங்களைப் பற்றிக் குறை சொல்லேல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் தொடாத தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை பிரிவுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். என் கடிதத்தைப் பழைய அறிக்கையோடு சேர்த்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஒரே பக்கம். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. மறுவாரம் வழக்கம்போல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு பக்கத்துக்குப் பயந்துதான் உங்களை மூன்று ஆண்டுகள் அந்த அறையில் விட்டிருந்தேன்.

கடிதத்தின் நகலை உங்கள் மகளுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

உங்களை அறிந்தவர்கள், நீங்கள் என்னை எப்போதோ மன்னித்திருப்பீர்கள் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நீங்கள் இருந்த காலத்தில் ஒரு முறைகூட நான் கேட்கவில்லை, அக்கா. அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.