ஷிஜியின் மூச்சும் நேசையனின் புகைப்புரையும்

ஜூன் 3, செவ்வாய்
மகள் ஷிஜி பேறுகாலத்துக்கு வந்துவிட்டாள். ஏழு மாதம் முடிந்தது. சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. குலசேகரம் டாக்டரம்மா சொன்னவை: இன்ஹேலரை ஒருவேளைகூட விடக்கூடாது, கூடவே தினம் இருமுறை மூச்சுப்பயிற்சி, உடலைத் தளர்த்தும் பயிற்சி. பயந்தால் மூச்சு இன்னும் முட்டுமாம். எல்லாவற்றையும் எண் போட்டு எழுதிக்கொண்டேன். என் மனைவி குளோரி சிரிக்கிறாள்: “பேறு அவளுக்கா, உங்களுக்கா?”

ஜூன் 5
முதல் பயிற்சி. மூக்கால் இழுக்க இரண்டு எண்ணிக்கை. சூடான சாயாவை ஊதுவதுபோல் உதடு குவித்து விட நான்கு. கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்து எண்ணினேன்.
“அப்பா, நீங்க எண்ணும்பம் பரீட்ச ஹால்ல இருக்கது மாதிரி இருக்கு. உங்க தோளு ரெண்டும் காதுல முட்டுது பாருங்க.”
உண்மைதான். கடிகாரத்தை மேசைக்குள் வைத்துவிட்டேன்.

ஜூன் 9
கால்விரலில் தொடங்கி ஒவ்வோர் இடமாக இறுக்கி, பிறகு தளர்த்துவது. நன்றாகச் செய்தாள். பாதியில் புகை வந்தது. பக்கத்துத் தோட்டத்து நேசையன் ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைப்புரை. மழைக்காலத்தில் ரப்பர் ஷீட் வெயிலில் காயாது. தினமும் தீ மூட்டுகிறார். ஈரக்காற்றில் புகை மேலே போகாமல் எங்கள் ஜன்னலுக்கே வருகிறது. இருமல், இன்ஹேலர். பத்து நிமிடத்தில் தணிந்தது.
அவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் ஷீட்டுகளும் அங்கேதான் தொங்குகின்றன! எந்த முகத்தோடு கேட்பது?

ஜூன் 10
நேசையன் வீட்டு கேட் வரை போனேன். மழையைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜூன் 12
கடிதமாக எழுதினேன். நான்கு முறை திருத்தியும் குற்றம் சாட்டுவதுபோலவே இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்
காலையில் ஷிஜிக்கு இழுப்பு அதிகம். கேட்டபோதுதான் சொன்னாள், மூன்று நாளாகக் காலை இன்ஹேலர் மருந்தை எடுக்கவில்லையாம்.
“மருந்தால பிள்ளைக்கு எதாவது ஆயிருமோன்னு பேடியா இருந்துச்சுப்பா.”
தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இதைக் கவனிக்கவில்லையே. நான் என்ன மனுசன்? இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். உடனே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். குழந்தை நன்றாக இருக்கிறது. “உன் மூச்சுதான் பிள்ளைக்கும் மூச்சு. மருந்தை விட்டால்தான் ஆபத்து” என்றார். புகையையும் நிறுத்தச் சொன்னார்.
வீட்டுக்கு வந்ததும் ஷிஜி கேட்டாள்: “நீங்க அண்ணைக்கு கேட் வர போயிட்டு திரும்பினத ஜன்னல் வழியா பாத்தேன். நான் இனி மருந்த விடமாட்டேன். நீங்க நேசையன் மாமாட்ட சொல்லுவியளா?”
தலையாட்டினேன். “அப்ப மூக்கால இழுங்க. இனி ஊதுங்க. சாயா, சாயா.” ஐந்து முறை செய்ய வைத்துத்தான் அனுப்பினாள்.
நேசையன் ஷீட் விரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன்.
“கண்ணாடி உள்ள கெடக்கு. வாயால சொல்லும் வோய்.”
சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.
“ரெண்டு வாரமா பிள்ளத்தாச்சிக்கி புகைய போட்டுக்கிட்டா இருந்தேன்? இத சொல்லுறதுக்கு லெட்டரு வேற! நல்ல ஆளு வோய் நீரு!” திட்டிக்கொண்டே தீயில் தண்ணீர் ஊற்றினார். பேறு முடியும்வரை அருமனையில் தன் தம்பியின் புகைப்புரைக்கு ஷீட்டுகள் போகுமாம். எங்களுடையவையும்.

ஜூன் 17
காற்று சுத்தம். மருந்து எடுத்தாள். நானும் கூட உட்கார்ந்து ஊதினேன்.

ஜூலை 20
இந்த மாதம் இதுவரை ஒரே ஒரு முறைதான் இழுப்பு. அதுவும் சீக்கிரம் அடங்கியது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
காலை 9.40. பெண் குழந்தை. இருவரும் நலம். வலி நேரத்திலும் சாயாவை ஊதிக்கொண்டே இருந்தாளாம். நர்ஸ் சொல்லிச் சிரித்தார்.
நேசையன் குளித்து, சலவைச் சட்டையோடு வந்தும் அறைக்குள் வரவில்லை. “எம்மேல புகை மணம் இருக்கா வோய்?” என்று வாசலிலேயே நின்றார். நான் மோந்து பார்த்து, சோப்பு மணம்தான் என்று சொன்ன பிறகே உள்ளே வந்தார்.
குழந்தையை என் கையில் வைத்தார்கள். நான் அசையவில்லை. கட்டிலிலிருந்து ஷிஜியின் குரல்:
“அப்பா, தோளு.”
தோள்களை இறக்கிக்கொண்டேன்.