பாப்பா கேட்ட முதல் கேள்வி

வியாழன், 7. மழை.
பேட்டரி இன்னும் சார்ஜ் ஆகவில்லை. இங்கே பள்ளி விடுமுறை வெள்ளியும் சனியும்தான்; அந்த இரண்டு நாளும் சுங்கைப்பட்டாணி பேரங்காடி வாசலில் எங்கள் பள்ளி ரோபோவை நிறுத்த வேண்டும். பேர் பாப்பா. ஆட்கள் நின்று பேசினால்தான் அறிவியல் சார் எங்களைப் போட்டிக்கு அனுப்புவார். அப்பாவிடம் டியூஷன் என்று பொய். "பொம்பளப் புள்ள கண்டவங்கள கூப்புட்டுக்கிட்டு நிப்பியா? ஸ்கூலயே நிறுத்திடுவேன்" என்று போன மாதமே சொல்லிவிட்டார். இந்த நோட்டை ஒளிப்பது அரிசி டின்னுக்குப் பின்னால்.

வெள்ளி, 8. வெயில்.
மூன்று மணி நேரம். நின்றது ஒரே ஒரு குழந்தை. அதுவும் அழுதது.
"வணக்கம், உங்களுக்கு உதவலாமா?" பாப்பாவுக்குச் செய்தி வாசிக்கிற குரல். நன்கொடை கேட்கிறது என்று எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள்.
"வாங்க ஆன்ட்டி" என்று மாற்றினோம். ஒரு அக்கா திரும்பி வந்து, "யாருக்கு ஆன்ட்டி? எனக்குக் கல்யாணமே ஆகல லா!" என்னோடு ரோபோ செய்த கவிதா தூணுக்குப் பின்னால் சிரிக்கிறாள். எனக்கு எரிச்சல்.
அதோடு, ஆள் கடந்து போன பிறகுதான் வாயைத் திறக்கிறது. முதுகிடம் பேசினால் யார் திரும்புவார்?
சார்: "ஆன்ட்டி, அக்கான்னு முறை வச்சுக் கூப்புட வேணாம். முகத்தப் பாக்கட்டும். நடை மெதுவானா, சாப்டாச்சான்னு மட்டும் கேக்கட்டும், வீட்டுல கேக்குற மாதிரி. உன் குரல்லயே."
என் குரலா? மாட்டேன் என்று சொல்லப் பயம். சார் போனில் பதினோரு தடவை பதிவு. கடைசியில் 'ஆ' இழுக்கிறது. போகட்டும்.
ஆள் பதில் சொன்னால் பாப்பாவின் அடுத்த வரி என்ன என்று சாரிடம் கேட்டேன். "முதல்ல நிக்க வை, பாப்போம்."

சனி, 9. மூட்டம்.
காலையில் ஆறு பேர் நின்றார்கள்! ஒரு தாத்தா, "நீ சாப்டியா?" என்று திருப்பிக் கேட்டார். பாப்பா முழித்தது. அடுத்த வரி இல்லையே. சீ.
பிறகு அப்பா. கையில் மோட்டார் சைக்கிள் சாமான் பை. ஏன் இங்கே? தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து லேப்டாப்பில் நிறுத்தப் பார்த்தேன். ஹேங்.
"சாப்டாச்சாஆ?"
அப்பா நின்றார். பாப்பாவை ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னும் இல்லம்மா" என்றார். போய்விட்டார்.
வீட்டில் ராத்திரி வரை மோட்டாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். திட்டித் தொலைத்தாலாவது பரவாயில்லை.

ஞாயிறு, 10.
பள்ளியில் எதுவும் மண்டையில் ஏறவில்லை.
நைட் ஷிப்ட் கிளம்பும்போது அப்பா வாசலில் திரும்பினார். என்னிடம், "சாப்டாச்சாஆ?" அதே இழுப்பு. இதுவரை என்னைக் கேட்டதே இல்லை.
நானும் பாப்பா மாதிரியே முழித்தேன். மோட்டார் கிளம்பிய சத்தம்.
காலை ஏழு மணிக்குத் திரும்பி வருவார். அதற்குள் எனக்கு ஒரு வரி வேண்டும்.