தம் உடைக்கும் வரை

அண்ணாச்சி,

இன்று காலை பக்கத்து மண்டபத்தில் யாரோ நெய்யில் வெங்காயம் பொரித்தார்கள். வாடை ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்கப் பரவியது. எல்லாருக்கும் பசித்திருக்கும். நான் கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பிரியாணி சேலஞ்ச் என்று முதலில் சொன்னது நான்தான். எங்கள் நாடக மன்றம், உங்கள் வில்லுப்பாட்டுக் குழு, அடுத்த தெரு செண்டைக்காரர்கள், மூன்றுக்கும் ஒத்திகை பார்க்க ஒரே கொட்டகை. மழையில் அதன் கூரை விழுந்துவிட்டது. வீடு வீடாக ஆர்டர் எடுத்து, பொட்டலம் கட்டி விற்று, மிச்சத்தில் கூரை போடலாம் என்றேன். ஹோட்டலில் காலமெல்லாம் சமைத்த நீங்கள் சிரித்தீர்கள். "பாட்டுக் கேக்க பத்து பேரு வரமாட்டான். பிரியாணின்னா ஊரே வரும்லே."

வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு அண்டாவுக்கு மேல் வேண்டாம் என்று நீங்கள் சொல்லியும் மூன்றாவதுக்கு ஆர்டர் எடுத்தேன். சமையல் அன்று விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றீர்கள். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிற கை சும்மா இருக்குமா, அண்டா மூடியிலும் தாளம் போட்டீர்கள். மூன்றாவது அண்டாவின் மூடியைச் சுற்றி மாவு அப்பித் தம்மில் போட்டபோது தாளம் நின்றது.

"நெஞ்சு என்னமோ பிடிக்கு. ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு போயிட்டு வரட்டா?"

"தம் உடைச்சிட்டுப் போலாம் அண்ணாச்சி. வெளிய பொட்டலத்துக்கு ஆளுக நிக்காவ."

"சாரமில்ல, இருக்கட்டும்" என்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தீர்கள். பதம் பார்க்க வேறு ஆள் இல்லை என்று நினைத்தேன். அரை மணி நேரம். மாவை உடைத்து மூடியைத் திறந்து, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, தலையாட்டினீர்கள். அப்படியே சரிந்தீர்கள்.

ஆட்டோவில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. போன் அடித்தது. பொட்டலம் இன்னும் வரவில்லை என்று ஒருவர் சடைத்தார். அஞ்சு நிமிஷம் என்று பதில் சொன்னேன். அதையும் செய்தேன் அண்ணாச்சி. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அங்கே உங்கள் வீட்டிலிருந்து ஓடிவந்த மதினி கேட்டார்கள். "அவரு உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

இல்லை என்றேன்.

கூரை போட்டாகிவிட்டது. கொட்டகைச் சுவரில் உங்கள் படம் இருக்கிறது. மதினி அவ்வப்போது வந்து பூ வைக்கிறார்கள். போன மாதம் என்னிடம் சொன்னார்கள். "பக்கத்துல நின்ன உங்ககிட்டயே சொல்லலேன்னா, அவருக்கு வலிச்சிருக்காது. அது ஒண்ணுதான் எனக்கு சமாதானம்."

அந்தச் சமாதானத்தைக் கெடுக்க வேண்டாமே என்றுதான் வாய் திறக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய். சொல்லிவிட்டால் அவர்கள் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்ற பயம்தான்.

உங்களுக்கு வலித்தது அண்ணாச்சி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.